வெள்ளை வண்டிக்கு நாலு ஸ்டார்

தார்ப்பாய அப்பறம் எடுக்கலாமுங்க சார். மொதல்ல அந்தச் சேர்ல உக்காருங்க. பஸ்ஸுலயா வந்தீங்க? கோர்ட்டுல இருந்து வண்டியப் பாக்க இஞ்சினியர் வருவாருன்னு வக்கீல் சொன்னாருங்க, நான் ஜீப்புல வருவீங்கன்னு நெனச்சு வாசல்ல இருந்த மோட்டாரயெல்லாம் ஒதுக்கி வச்சேன். ருக்கு, சாருக்கு ஒரு டீ போடு. சக்கரை போடலாமுங்களா? போடு புள்ளை, போட்டே கொண்டா.

அவதானுங்க எஞ்சம்சாரம், ருக்குமணி. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கறா பாருங்க, அது வெயிலுக்கு இல்லீங்க. இடது கண்ணு போயிருச்சு. அதுக்குத்தான் கார் கம்பெனி மேல இந்தக் கேஸே. பங்குனியில நடந்தது, ஐப்பசி முடியப் போகுது, ஏழு மாசமுங்க.

என் பேரு நாச்சிமுத்து. காயிதத்துல பாத்திருப்பீங்க. இந்தப் பட்டறை என்னுதுங்க. கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, எது காயில் எரிஞ்சாலும் குண்டடம் சுத்துப்பட்டுல எங்கிட்டத்தான் கொண்டாருவாங்க. முப்பத்திரண்டு வருசமா காயில் கட்டறேன். இதைய எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு மிசின்னா என்னன்னு தெரியுமுங்க. புது மோட்டாரே வாங்கியாந்தாலும், நான் ஒருக்காப் பிரிச்சு, ஒரு வாசர மாத்தி, ஒரு ஒயர இழுத்துக் கட்டுனாத்தான் அது ஒழுங்கா ஓடும். கம்பெனிக்காரன் அவசரத்துல பண்றான். மிச்சத்த நாமதான் சரி பண்ணிக்கோணும்.

ஆனா அந்த வண்டிய ஏழு மாசமா ஒரு நட்டுக்கூடத் தொடலீங்க சார். தொட்டா கேஸ் போயிருமுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. தெனமும் காத்தால ஷெட்டத் தொறக்கறப்ப கை பரபரங்குது. தொடலை. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது.

இன்னொண்ணு இப்பவே சொல்லீர்றனுங்க. எனக்குக் காசு வேண்டாம். வக்கீல் ஏதோ ஒரு தொகை போட்டிருக்காரு, அது அவரு போட்டது. தப்பு வண்டியோடதுன்னு ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். அதைய ருக்குகிட்டக் காட்டோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க.

ஆதியில இருந்து சொல்றேன். ருக்குவுக்கு ஒரே தம்பி, பூபதி. பால் சொசைட்டியில செகரட்டரி. நானும் அவனும் ஒரே சமயத்துல கார் வாங்கறதுன்னு பேசி வச்சிருந்தோம். அவன் ஒரு சிவப்பு வண்டி வாங்குனான். எதுக்கு அதுன்னு கேட்டா, மைலேஜ் நல்லாக் குடுக்குதாம், டிக்கி பெருசா இருக்குதாம். வண்டி வாங்கற லட்சணமாங்க இது? நான் அப்படி வாங்கலை. மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணேன்.

இந்த வீடியோவப் பாருங்க. ஓ, நீங்க பாத்திருப்பீங்க. இருந்தாலும் பாருங்க. இதுதான் சிவப்பு வண்டி. அறுபத்து நாலு கிலோமீட்டர் வேகத்துல கொண்டாந்து தடுப்புல மோதறாங்க. முன்னாடித் தூணு மடங்குது பாத்தீங்களா? ஸ்டியரிங் அப்படியே, ஆளுக்குப் பதிலா வச்ச பொம்மையோட நெஞ்சுக்கு வருது. பாதுகாப்புக்கு அஞ்சுல ரெண்டு ஸ்டாரு. இப்ப இதையப் பாருங்க, நம்ம வெள்ளை வண்டி. அதே தடுப்பு, அதே வேகம். மூக்கு மட்டும்தான் நசுங்குது. தூணு அசையலை. கதவ அந்த ஆளு ஒத்தைக் கையில தொறக்கறான். பொம்மைக்குத் தலைக்குப் பச்சை, அடியில்லைன்னு அர்த்தம், கழுத்துக்குப் பச்சை, நெஞ்சுக்கு மட்டும் லேசா மஞ்சள். நாலு ஸ்டாரு. இதைய நான் ஒரு நூறு தடவை பாத்திருப்பனுங்க. எந்த எடத்துல கண்ணாடி செதறுதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். பொம்மையத்தான் பெல்ட்டுப் போட்டு இறுக்கிக் கட்டி வச்சிருக்கான், உள்ளார ஒரு சாமி படங்கூட இல்லை, டேஷ்போர்டு மொட்டையாக் கெடக்குது. சோதனை வண்டிதானே, யாரு அலங்காரம் பண்ணப் போறா.

பூபதி வீட்டுல காதுகுத்து, சின்னப் புள்ளைக்கு. சீர்த்தட்டு வர்ற நேரத்துல நான் இந்த வீடியோவ அவன் பங்காளிகளுக்குக் காட்டிட்டு இருந்தேன். தெரிஞ்சுக்கட்டுமேன்னுதானுங்க. அவன் வந்து எட்டிப் பாத்துட்டு, "ஏன் மச்சான், நீங்க செவுத்துல மோதறதுக்கா கார் வாங்கறீங்க?"ன்னான். பந்தலே சிரிச்சுது. ருக்குவும் சிரிச்சா. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. பரவாயில்லை, ஒரு நாளைக்குத் தெரியுமுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சது உண்மைதான், சாமி சத்தியமாச் சொல்றேன், கெட்ட எண்ணத்துல நெனைக்கலீங்க.

வண்டி வந்துச்சு. நல்ல வண்டிதான், ஆனா கம்பெனிக்காரன் வுட்ட குறை ரெண்டு மூணு இருந்துச்சு. பெல்ட்டுப் போடாட்டி கீங் கீங்குன்னு ஒரே கத்து. எனக்குப் பரவாயில்லை, நான் போட்டுக்குவேன், இல்லாட்டிப் போலீஸ்காரன் புடிச்சுக்கறான். ருக்குவுக்குத் தோள்பட்டையில வலி இருக்குது, பெல்ட்டு அழுத்துதுங்கறா, சேலை கசங்குதுங்கறா. பழைய வண்டி பெல்ட்டு ஒண்ணு பட்டறையில கெடந்துச்சு. அதோட முனையில மாட்டற இரும்பு நாக்க மட்டும் அறுத்து, அரம் போட்டுத் தேச்சு, ருக்கு சீட்டுக் கொக்கியில செருகி வுட்டேன். கத்து நின்னுருச்சு! பூபதிக்கும் ஒண்ணு பண்ணிக் குடுத்தேன். "கத்தட்டும் மச்சான், கத்துனாத்தான் இந்தப் புள்ளைங்க போடுதுங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டான். நாம பாடுபட்டுப் பண்ணிக் குடுத்தா அதுக்கு மதிப்பு அவ்வளவுதானுங்க.

டீ இன்னும் வரலையா ருக்கு? வருதுங்கறா. வாங்க சார், அதுக்குள்ள வண்டியப் பாத்துருவோம். அந்த முனையப் புடிங்க. அவ்வளவுதான், இழுங்க.

பாத்தீங்களா? மூக்கப் பாருங்க, நசுங்கியிருக்குது. தூணப் பாருங்க. ஒரு மில்லிமீட்டர் வளைஞ்சிருக்குதுங்களா? நாலு கதவும் தொறக்குது, தொறந்து பாருங்க. அந்த வீடியோவுல இருக்கறாப்பலயே இருக்குதுங்க. இதுதான் எனக்குப் புரியலை. வண்டி அவன் சொன்ன மாதிரியே நடந்துக்கிச்சு. அப்பறம் எப்படி?

நான் சொல்றேன் கேளுங்க. பங்குனி உத்திரம் முடிஞ்ச மறு வாரம், கூட்டம் கொறைஞ்சிருக்குமுன்னு பழனிக்குக் கெளம்புனோம். சிவப்பு வண்டியில பூபதி, அவன் சம்சாரம் கஸ்தூரி, ரெண்டு புள்ளைங்க. வெள்ளை வண்டியில நானும் ருக்குவும். தாராபுரம் தாண்டிக் காலை எட்டு, எட்டரை இருக்கும். நல்ல வெளிச்சம், காலி ரோடு. அவன் முன்னால போறான். ரெண்டு ஸ்டாரு முன்னால போக நாலு ஸ்டாரு பின்னால போனா எப்படிங்க இருக்கும்? ஒட்டியே போனேன். அறுபதத் தாண்டலை, சத்தியமா. ருக்கு, "ஏனுங்க, கொஞ்சம் எடம் வுட்டுப் போங்க"ன்னா. "நம்ம வண்டிக்கு நாலு ஸ்டாரு, நீ சும்மா உக்காரு"ன்னேன்.

மயிலுங்க சார். ஒரு ஆண் மயில், தோகையோட, காட்டுக்குள்ள இருந்து நடந்து வருது, அது பாட்டுக்குச் சாவகாசமா. பூபதி பிரேக்க அழுத்திட்டான். நான் என்ன பண்ண முடியும்? போயி மோதிட்டேன். ருக்கு அந்த நேரம் பாத்து முன்னால குனிஞ்சிருந்தா. டேஷ்போர்டு சாமிக்குப் போட்டிருந்த பூ காத்துல சரிஞ்சிருச்சுன்னு சரி பண்ணிட்டு இருந்தாளாமா. டொப்புன்னு ஒரு சத்தம், வண்டி பூரா வெள்ளைப் புகை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தச் சிவப்பு வண்டிக்குப் பின்னால டிக்கியே இல்லை. உள்ளாரப் போயிருச்சு. ஆனா நாலு பேரும் கதவத் தொறந்து எறங்கி நடந்து வந்தாங்க சார்! புள்ளைங்க ரெண்டும் பின்னால பெல்ட்டுப் போட்டு உக்காந்திருந்துச்சுங்க. ரெண்டு நாளைக்குக் கழுத்து வலின்னு இருந்துச்சாம், அப்பறம் பள்ளிக்கூடம் போயிருச்சுங்க. இங்க எனக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சுது. ருக்குவுக்கு மூஞ்சி பூரா ரத்தம். ரெண்டு ஸ்டாரு நடந்து வருது, நாலு ஸ்டாரு ரத்தத்துல கெடக்குது. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க, எங்கியோ தப்பு நடந்திருக்குதா இல்லையா?

ஆஸ்பத்திரியில பூபதிகிட்ட நான் கேட்டேன், ஒரு மயிலுக்காகவாடா நீ எஞ்சம்சாரத்தக் குருடாக்குனேன்னு. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "முருகனப் பாக்கப் போறப்ப நீங்களா இருந்தா மயில அடிச்சிருப்பீங்களா மச்சான்?"ன்னான். அடிச்சிருப்பேன்டான்னேன். அன்னியோட அவன் இந்த வாசப்படி மிதிக்கலீங்க. நான்தான் வரக்கூடாதுன்னுட்டேன். எம்போன்ல அவன் நம்பரையும் அழிச்சுட்டேன். தீபாவளிக்குப் பலகாரம் குடுத்து வுட்டான், திருப்பி அனுப்பிட்டேன். ருக்குதான் அந்தப் பாத்திரத்த மூடிக் குடுத்தனுப்புனா. அவ எதுக்கு எதுத்துப் பேசியிருக்கறா?

என்னுங்க சார், அத எதுக்குங்க போட்டோ எடுக்கறீங்க? அது வண்டியோட பார்ட்டு இல்லீங்க, நான் வச்சது. அதுதான் சாமியோட பீடம். முருகன், பித்தளையில, என் ஒரு விரல் நீளம். பழனி அடிவாரத்துல வாங்குனது. ருக்கு சின்னதா ஒரு படம் ஒட்டுனாப் போதும்னா. நாலு ஸ்டார் வண்டிக்குக் காயிதச் சாமியான்னு நான்தான் ஒத்துக்கலை. எடம் கெடைக்கறதுக்குத்தான் கஷ்டப்பட்டேன். எம்பக்கம் வச்சா ரோட்ட மறைக்குது, நடுவால சரிவா இருக்குது. ருக்கு உக்கார்ற பக்கம் பாருங்க, கம்பெனிக்காரனே மூடி மாதிரி ஒரு எடத்தச் சமமா வுட்டிருந்தான், அளவெடுத்து வுட்டாப்பல. இங்கிலீசுல என்னமோ எழுத்து இருந்துச்சு, அது மேலயே வச்சேன். பிளாஸ்டிக்க உப்புத்தாள் போட்டுத் தேச்சு, தின்னர்ல தொடச்சு, ரெண்டு டியூப்பு கலந்து பூசறமே, மோட்டார்ல விரிசல் அடைக்கற பசை, அதைய வச்சு ஒட்டுனேன். பத்து வருசமானாலும் பெயராதுன்னு ருக்குகிட்டச் சொன்னேன். இப்ப நீங்களே ஆட்டிப் பாருங்க. மூடி கிழிஞ்சு தொங்குது, சாமி கணுக்காலோட முறிஞ்சு போச்சு, பீடம் மட்டும் அசையுதுங்களா? எங்கை ஒட்டு அப்படி.

ஆமாங்க, மோதுனா உப்பி வர்ற அந்த ஏர்பேக் பை அந்த மூடியக் கிழிச்சுட்டுத்தான் வந்துச்சு. அதைத்தானுங்க சார் நானும் சொல்றேன். மேல சாமி இருக்குது, கண்ணு மண்ணு தெரியாம அதையத் தூக்கி எறிஞ்சுட்டு வருதுன்னா அது என்ன பை? காப்பாத்த வர்ற பை அப்படியா வரும்? அது எஞ்சம்சாரத்தக் குத்த வந்துச்சு. அப்படியே எழுதுங்க.

என்னங்க, ஒண்ணும் எழுத மாட்டேங்கறீங்க?

சரி, பொறுமையா எழுதுங்க. ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. சீட்டுக்கு அடியில கைய வுட்டுப் பாக்கறப்ப ஒரு வேல் கெடைச்சாக் குடுங்க. சாமி கையில இருந்தது. சுண்டுவிரல்ல பாதி நீளம் இருக்கும், முனை கூரா இருக்கும். சாமிய, வண்டி இங்க வந்த அன்னிக்கே, வக்கீல் சொல்றதுக்கு முந்தியே தேடி எடுத்துட்டேன், இந்த மேசை டிராயர்லதான் வச்சிருக்கேன், பாருங்க. வேலத்தான் காணோம். வண்டியத் தொடக்கூடாதுன்னதால டார்ச் அடிச்சு அடிச்சுத்தான் பாத்தேன், ஏழு மாசமாப் பாக்கறேன். வேல் இல்லாத முருகன எப்படிங்க பூஜையில வைக்கறது? தட்டான்கிட்டச் சொல்லிப் புதுசு பண்ணலாந்தான். ஆனா பழசு எங்க போச்சுன்னு தெரியோணுமில்லீங்களா? ருக்குகிட்டக் கேட்டா, "எனக்கென்னங்க தெரியும்"னு உள்ளாரப் போயிருவா. பாவம், மோதுனதுக்கு அப்பறம் நடந்தது அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரிக் காயிதமா? எல்லாம் இந்தப் பையில இருக்குதுங்க. இது டிஸ்சார்ஜ் காயிதம், வக்கீல்கிட்ட ஒரு காப்பி இருக்குது. இது ஸ்கேனு. இந்த மஞ்சக் காயிதம் மட்டும் அவருகிட்டப் போகலை. நேத்துத்தான் கெடைச்சுது, பீரோவுல ருக்குவோட சேலைக்கு அடியில மடிச்சு இருந்துச்சு. மறந்து வச்சுட்டா போலிருக்குது. ஆபரேசன் பண்ண டாக்டரு கைப்பட எழுதுனதுன்னு நெனைக்கறேன். நான் அப்ப வேற வார்டுல கையக் கட்டிட்டுக் கெடந்தேன், கஸ்தூரிதான் ருக்கு கூட இருந்தா. நான் எட்டாவதுங்க, இங்கிலீசு வராது. படிச்சுச் சொல்லுங்க சார். அதுல எல்லாம் இருக்கும், வண்டி பண்ண அநியாயம் அத்தனையும்.

படிங்க.

என்ன சார், ரெண்டு தடவை படிக்கறீங்க? புரியற மாதிரி எழுதலைங்களா? எதுக்கு என்னையப் பாக்கறீங்க?

வா ருக்கு, டீய அங்க வையி. சார் உன்ற ஆஸ்பத்திரிக் காயிதத்தப் படிக்கறாரு. என்ன? எடுக்கக்கூடாதா? வக்கீல் எல்லாத்தையும் எடுத்து வைக்கச் சொன்னாரு, எடுத்தேன். எதுக்கு இப்ப அழுகறே? சார், நீங்க படிங்க. அவ கெடக்கறா.

எங்க போறே? ருக்கு!

மன்னிச்சுக்குங்க சார். அவ அப்படிப்பட்டவ இல்லை. யாராச்சும் வந்திருக்கறப்ப இப்படி உள்ளாரப் போறவ இல்லை. நீங்க சொல்லுங்க, காயிதத்துல என்ன போட்டிருக்குது? கண்ணுல இருந்து... என்ன எடுத்தாங்க? கண்ணாடித் துண்டா? இல்லீங்களா?

வந்துட்டா. என்ன புள்ளை கையில, மஞ்சப்பொடி டப்பாவா? எதுக்கு அதைய மேசையில கொட்டறே, சாரோட காயிதமெல்லாம்...

பொடிக்குள்ள ஏதோ மருந்து பாட்டல் மாதிரி இருக்குது. உள்ளார என்னமோ கெடக்குது.

இது வேலுங்க சார்.

ருக்கு, இது எப்படி உங்கிட்ட? டாக்டரு குடுத்தாரா? எப்பக் குடுத்தாரு? அன்னிக்கேவா? அன்னிக்கே குடுத்தாருன்னா... நீ ஏழு மாசமா... நான் அங்க டார்ச் அடிச்சுக்கிட்டு ஏழு மாசமா...

இருங்க சார். ஒரு நிமிசம். இருங்க. சாமி கையில இந்த ஓட்டையில இப்படித்தான் செருகோணும். ஆங். போயிருச்சு. பாருங்க, சரியாப் போயிருச்சு. முனை மட்டும் லேசா வளைஞ்சிருக்குது.

இவ என்ன சொல்றா தெரியுமுங்களா சார்? "நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் யாருகிட்டயும் சொல்ல வேண்டாமுன்னு டாக்டர்கிட்டயும் கஸ்தூரிகிட்டயும் கேட்டுக்கிட்டேன்"ங்கறா. நான் தாங்க மாட்டேனாமா. கண்ணு போனது அவளுக்கு.

பத்து வருசமானாலும் பெயராதுன்னு இவகிட்ட நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னனுங்க. பூ சரிஞ்சிருச்சுன்னு குனிஞ்சிருக்கறா. சாமிக்கு நேரா மூஞ்சிய வச்சுக் குனிஞ்சிருக்கறா. பெல்ட்டுப் போட்டிருந்தா அவ்வளவு தூரம் குனிஞ்சிருக்க மாட்டாளுங்களா சார்? நீங்க சொல்லுங்க. அந்த நாக்க வேற நான் அரம் போட்டுத் தேச்சுத் தேச்சு...

எழுதுங்க சார். எதுக்கு மூடி வைக்கறீங்க? பேனாவ எடுங்க. பை வர்ற எடத்துல சாமிய ஒட்டுனது நாச்சிமுத்துன்னு எழுதுங்க. பெல்ட்டு கத்தாமப் பண்ணதும் அவன்தான்னு எழுதுங்க. ஒட்டிப் போயி மோதுனதும் அவன்தான். வண்டி மேல தப்பு இல்லைன்னு எழுதுங்க, வண்டி சொன்னதச் செஞ்சுதுன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.

என்ன ருக்கு? சொல்லு. சார் இருந்தா என்ன, சொல்லு.

கேட்டீங்களா சார், இந்த ஏழு மாசத்துல இவ எங்கிட்டக் கேக்கற மொதல் விசயம். கேஸ் என்னமோ ஆகட்டும், எந்தம்பிக்கு ஒரு போன் பண்ணுங்கங்கறா.

நம்பரத்தான் அழிச்சுட்டனே புள்ளை. உனக்கு மனப்பாடமாத் தெரியுமா? சொல்லு. மெதுவாச் சொல்லு, எனக்குக் கண்ணு மறைக்குது. தொண்ணூத்தி நாலு... அப்பறம்... ஆங், போட்டுட்டேன். மீதியும் சொல்லு. சரி. போட்டாச்சு.

அடிக்குதுங்க சார். நீங்க டீயக் குடிங்க, ஆறிப் போயிரும். எடுக்க மாட்டான். நானா இருந்தா எடுக்க மாட்டேன்.

எடுத்துட்டான்.

மாப்ளே... நான்தான். ஆமா, மச்சான்தான். அக்காவுக்கு ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கறா, இங்கதான் நிக்கறா. இல்லைடா, பதறாதே. அன்னிக்கு ஆஸ்பத்திரியில எங்கிட்ட ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்குதா? அந்த மயில... நானும் அடிச்சிருக்க மாட்டேன்டா மாப்ளே.